மொய் மேசையில் எழுதிய சொற்கள்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு பூட்டு இருந்ததாம். அந்தப் பூட்டின் துவாரம் ஊருக்கே தெரியுமாம், சாவி மட்டும் ஒருத்தனிடம்தானாம்.

இப்படித்தான், அண்ணா, நான் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு மணிக்கு, கல்யாண மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு. இந்த ஒரு வரியைச் சொன்னதும் கூட்டம் அடங்கிவிடும். நான் கத்துகிற ஆள் இல்லை. வீட்டில் கதை சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், கத்தி வளர்க்கவில்லை. மெதுவாகப் பேசினால் மனுஷன் காதைக் கிட்டே கொண்டுவருவான், அவ்வளவுதான் விஷயம்.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், அங்கே காக்காய் எச்சம் கிடக்கிறது. இந்தப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சை யாரும் கழுவுவதே இல்லை. நாற்பத்திரண்டு நாளாகப் பார்க்கிறேன், அதே எச்சம், மேலே புது எச்சம். சீ. எனக்குக் கண்டிஷன் பெயில். தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷன் ரைட்டர் வந்தால்தான் நோட்டு வெளியே வரும், அவர் டீ குடித்து முடிக்கப் பத்தேமுக்கால் ஆகும். உங்களுக்கு என்ன, ஆர்.சி. புக் தொலைந்துவிட்டதா? அதற்கும் ரைட்டர்தான். இந்தப் பெரியவருக்கும் ஆத்தாவுக்கும் ஆடு திருட்டுப் போய்விட்டதாம். ஆக நாலு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் காத்திருக்கிறோம். கேளுங்கள், நேரம் போகும்.

என்ன கேஸ் என்று கேட்பீர்கள். பேப்பரில் போட்டிருந்தார்களே, படம்கூட வந்தது. அந்தப் படத்தில் வாயைத் திறந்துகொண்டிருப்பேன், பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மூன்று மாதம், பன்னிரண்டு கூட்டம், ஒரு பொய்கூட இல்லை. இதை வக்கீலிடம் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீங்களாவது முழுசாகக் கேளுங்கள்.

பிட்காயின் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் தொட முடியாத காசு. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை உலகம் முழுக்க ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், பிளாக்செயின் என்பது அந்த நோட்டுதான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யாரும் அடித்துத் திருத்த முடியாது. உங்கள் வரியை நகர்த்த உங்கள் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, இருபத்து நாலு ஆங்கிலச் சொல். டைகர், அம்ப்ரெல்லா, லெமன், லேடர், இப்படி. அந்தச் சொற்கள் யாருக்குத் தெரியுமோ அவன்தான் சொந்தக்காரன். அப்பன் பேர் கேட்காது, ஆதார் கேட்காது.

எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். காங்கயத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர் வைத்திருக்கிறார். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போய்வந்தவர் வைத்திருக்கிறார். கோழிப்பண்ணைக்காரர் வைத்திருக்கிறார், வீட்டுக்காரிக்குத் தெரியாமல். பேராசை அண்ணா. பேராசையும் பயமும். இரண்டும் சேர்ந்த வியர்வைக்குத் தனி நாற்றம் உண்டு. மேடையில் நின்றால் முகத்தில் அடிக்கும்.

என்னைக் கூட்டிப்போனவர் தேவசிகாமணி. தேவசிகாமணி அண்ணன் என்று நானும் மரியாதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிச்சயதார்த்தத்தில் என் மாமன்களுக்கெல்லாம் குவாண்டம் கம்ப்யூட்டரைப் பற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பந்தி எழுந்த பிறகும் ஒருத்தரும் நகரவில்லை. அவர் தூணோரம் நின்று பார்த்தார். கார் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்துகொண்டே பார்த்தார். குடைந்த சாவியை எடுத்து முகர்ந்தார். பிறகு அதே கையால் என் தோளைத் தட்டினார். "கண்ணு, நீ பேசறதக் கேட்டா எனக்கே பயமா இருக்குது. எங்கூட வந்துரு." அன்றைக்கே எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. வேலை இல்லாமல் எட்டு மாதம் இருந்தேன், அதனால் போனேன்.

அவர் மண்டபம் பிடிப்பதே அப்படித்தான். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்த மண்டபத்தைக் கழுவுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி வாடகையில் பிடிப்பார். பந்திக் கூடத்தில் புளித்த சாம்பார் வாடை. மூலையில் எச்சில் இலை, அதில் ஈ. நாற்காலித் துணியில் யாரோ கை துடைத்த ரசம் காய்ந்திருக்கும். அதற்கு மேல் ஊதுவத்தி. மேடையில் பிளக்ஸ்: 'குவாண்டம் காப்பு — உங்கள் காயினுக்குக் கவசம்'. அதற்குக் கீழே நான், வெள்ளைச் சட்டையில்.

கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒரு ஊரில் ஒரு பூட்டு. துவாரத்தைப் பார்த்துச் சாவி செய்ய வேண்டுமென்றால் ஆயிரம் கொல்லர்கள் உட்கார்ந்து, கோடி கோடி வருஷம் தேய்க்க வேண்டும். சூரியனே அணைந்துபோகும், சாவி முடியாது. அதனால் ஊர் நிம்மதியாக இருந்தது. அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பிறந்தது. அதிசயப் பிள்ளை. பனியைவிடப் பல மடங்கு குளிரில்தான் அதைப் படுக்க வைக்க வேண்டும். சின்னச் சத்தம் கேட்டாலும் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணும். இப்போது அதற்கு நடக்கத் தெரியாது, தவழத்தான் தெரியும். ஆனால் வளர்ந்து நின்றுவிட்டால், துவாரத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், சாவி செய்துவிடும். ஆயிரம் கொல்லர் வேண்டாம். அது ஒன்றே போதும்.

பிள்ளை என்றால் குவாண்டம் கம்ப்யூட்டர். இதில் ஏதாவது பொய் உண்டா? விஞ்ஞானிகள் சொல்வதைத்தானே சொன்னேன்? அமெரிக்காவில் புதுப் பூட்டுக்கு அளவு போட்டுவிட்டார்கள், பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். எல்லாம் நிஜம்.

"அந்தப் புள்ள எப்ப நடக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். நான் சொல்வேன்: "யாருக்கும் தெரியாதுங்க. பத்து வருஷம் ஆகலாம், இருபது ஆகலாம், நடக்காமலே போகலாம்." தேவசிகாமணி அந்த வரியை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. எனக்கு மனசாட்சி உண்டு. குரலைத்தான் அந்த இடத்தில் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

முதல் வாரம் எல்லாரும் கேட்டார்கள், பயந்தார்கள், தயிர்சாதம் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். வாசலில் இரண்டு பெண்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். 'உங்கள் இருபத்து நாலு சொல்லை இங்கே பதிந்தால் புதுப் பூட்டுக்கு மாற்றித் தருவோம்' என்று. நாலே பேர் பதிந்தார்கள். தேவசிகாமணி எச்சில் தெறிக்கத் திட்டினார். என் சட்டையில் பட்டது, அண்ணா. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை வெந்நீரில் போட்டேன்.

அப்போது நான்தான் சொன்னேன், "லேப்டாப்பை எடுத்துருங்கண்ணா. மொய் மேசை போடுங்க." அவருக்குப் புரியவில்லை. நீங்கள் நம்ம பக்கம்தானே, உங்களுக்குப் புரியும். கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, நீள நோட்டு, பக்கத்தில் சந்தனம், கல்கண்டு. அதற்கு முன்னால் வரிசை நின்றால் நம் ஆளுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. பேரு, ஊரு, சொல்லு, எழுது, அடுத்தது. முன்னால் சம்பந்தி, பின்னால் பங்காளி. மொய் வரிசையில் நின்றவன் பாதியில் விலகிப் போனதைப் பார்த்திருக்கிறீர்களா? போனால் ஊர் என்ன பேசும்? கால் அதுவாக நகரும்.

இரண்டாவது வாரம் அறுபத்தொரு பேர். "வேலப்பநாயக்கன்வலசு, பொன்னுசாமி!" என்று நோட்டுக்காரர் சத்தமாகக் கூப்பிட, அவர் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, "ஏனுங்க, மொத வார்த்தை டைகருங்க" என்று வாசிக்கிறார். பின்னால் நிற்கிறவர் காதைப் பொத்திக்கொள்கிறார், நாகரிகமாம். ஒருத்தர் பாருங்கள், சொற்களைச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, பூஜை அறையிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அருவருப்பும் வந்தது. இவ்வளவு ஏமாளித்தனத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கூடாது.

மேசை யோசனை என்னுடையதுதான், மறைக்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதினது நான் இல்லை. ஒரு சொல்கூட என் கையெழுத்தில் கிடையாது. வேண்டுமானால் சோதித்துப் பார்க்கட்டும்.

"வாங்க, அக்கட்டால நெழலு இருக்குது."

பார்த்தீர்களா, ஆத்தா பெரியவரைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். இங்கே மட்டும் என்ன வெயிலா? வேப்பமரத்துக்குக் கீழேதானே இருக்கிறோம். போகட்டும். ஆட்டைத் தொலைத்தவர்களுக்கு இது புரியாது. நீங்கள் இருங்கள், முக்கியமான இடம் இனிமேல்தான்.

நாலாவது வாரம் சாந்தாமணி அக்கா வந்தார். எக்ஸ்ரே அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், எழுபது வயசுக் கிழவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கான்ட்ராக்டில் எக்ஸ்ரே எடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் அவர் முன்னால் சட்டையைக் கழற்றி மூச்சை அடக்கி நிற்காத ஆம்பளையே கிடையாது. வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி இறந்து ஏழு வருஷம். அவர் விட்டுப்போனது ஒன்றரை பிட்காயின். கான்ட்ராக்ட் வேலைக்குப் பென்ஷன் கிடையாது, இன்னும் இரண்டு வருஷத்தில் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவருக்கு இருப்பது அந்த ஒன்றரைதான். வேறு ஒன்றும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நான் கதையை முடித்ததும் எழுந்து நின்றார். கையைக்கூடத் தூக்கவில்லை.

"ஏந்தம்பி, அந்தப் புள்ள தொவாரத்தப் பாத்தாத்தான சாவி பண்ணும்?"

"ஆமாங்கக்கா."

"நான் பூட்டையே வெளிய எடுக்கலீன்னா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு கூட்டத்திலும் வேறு யாரும் கேட்காத கேள்வி அது. சரியான கேள்வி. ஒரு முகவரியிலிருந்து, அதாவது அந்த நோட்டில் உங்கள் வரியிலிருந்து, காசை ஒரு தடவையும் வெளியே அனுப்பாவிட்டால் துவாரம் வெளியே தெரியாது, அந்தப் பிள்ளையால் ஒன்றும் பண்ண முடியாது. நான் பொய் சொல்வேனா? "நீங்க சொல்றது சரிதானுங்க்கா, ஆனா என்னிக்காச்சும் எடுக்கத்தானே வேணும்?" என்றேன்.

"எடுக்கறப்ப எடுத்துக்கறேன். பூட்டு செஞ்சவங்களே அதுக்குள்ள புதுப் பூட்டு குடுத்துருவாங்கன்னு நீதான சொன்ன? அப்பப் பாத்துக்கலாம். அதுக்கு எதுக்கு எஞ்சாவிய இந்த நோட்டுல எழுதோணும்? நான் எம்பட மாமியாகிட்டக்கூட பீரோ சாவி குடுத்ததில்ல."

மண்டபமே சிரித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரோடு பின்வரிசை முழுக்க எழுந்து போனது. தேங்காய்க்களம் கொழந்தசாமி வரிசையில் நின்றிருந்தவர், "அக்கா போனா நமக்கென்ன, நாமளும் அப்பறம் பாப்போம்" என்று தாளை மடித்துப் பையில் போட்டார்.

தேவசிகாமணி பந்திக் கூடத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் வழிந்தது, நக்கினார். நக்கிக்கொண்டே சொன்னார், "அந்தம்மா ஒருத்தி வந்து வரிசைல நின்னா முப்பது பேரு நிப்பான். நீ போய்ப் பேசு. நீ பேசுனா வருவாங்க." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். நல்லபடியாகத்தான் உட்கார வைத்தார். டீ கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். முறுக்கு காறல் வாசம் அடித்தது, தீபாவளிக்குச் சுட்டதோ என்னவோ. மரியாதைக்கு இரண்டு தின்றேன். நான் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்காரரைப் பற்றித்தான் கேட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார்கள் அண்ணா, எல்லாரும் சொல்லிவிடுவார்கள், மெதுவாகக் கேட்க வேண்டும்.

உள்ளே போய் ஒரு எக்ஸ்ரே பிலிமை எடுத்துவந்தார். ஈஸ்வரமூர்த்தியின் நெஞ்சு. அதில் கருப்பாக இருக்கிற இடத்தில், விலா எலும்புகளுக்கு நடுவே, ஊசியால் கீறி இருபத்து நாலு சொல்லையும் எழுதியிருந்தார். சும்மா பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து மட்டும் மினுங்கும்.

"பேப்பர்னா கரையான் அரிச்சுரும்னு இதுல எழுதுனாரு. நான்தான் எடுத்த படம். அப்ப ஒண்ணுமில்ல பாரு, சுத்தமான நெஞ்சு. அடுத்த வருசம் எடுத்ததுலதான் இருந்துச்சு."

நான் "ம்" என்றேன். பிறகு, "அண்ணன் எப்பவாச்சும் இதுலருந்து வித்தாருங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ. கொஞ்சூண்டு. எனக்கு ஒரு தோடு எடுத்தாரு."

போனில் அந்த முகவரியைக் காட்டினார். உலகத்து நோட்டுதானே, பார்த்தேன். பழைய ஆப், மீதிக் காசு அதே முகவரிக்கே திரும்பி வந்திருந்தது. வெளியே எடுத்த முகவரி. துவாரம் தெரிந்த முகவரி. நான் கண்டுபிடித்த உண்மை அது, அண்ணா. தேவசிகாமணிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நான் சொன்னேன், "அக்கா, உங்க தொவாரம் தெருவுல தெரிஞ்சிருச்சுங்க்கா. அந்தத் தோடு எடுத்த அன்னிக்கே தெரிஞ்சிருச்சு."

அவர் கை காதுக்குப் போனது. அதற்கப்புறம் குரலே மாறிவிட்டது.

"அப்ப நான் என்ன பண்றது கண்ணு?"

இங்கேதான் என்மேல் பழி போடுகிறார்கள். நீங்கள் நியாயமாகக் கேளுங்கள். வழி சுலபம்தான். புதுசாக ஒரு முகவரி உண்டாக்கி, அவரே தன் கையால் காசை அதற்கு மாற்றிவிட்டால் போதும். பத்து நிமிஷ வேலை. புது முகவரியின் துவாரம் யாருக்கும் தெரியாது, அவர் சொன்ன மாதிரியே நல்ல பூட்டு வரும்வரை நிம்மதியாக இருக்கலாம். எந்த நோட்டிலும் எழுத வேண்டியதில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் அவர், 'நானே செஞ்சுக்க முடியுமா' என்று கேட்கவில்லையே? 'நான் என்ன பண்றது' என்றுதானே கேட்டார்? இரண்டும் வேறு வேறு கேள்வி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நான் சொன்னது ஒன்றே ஒன்று: "ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வாங்கக்கா." வாங்க என்று கூப்பிடுவது எப்படி அண்ணா பொய்யாகும்?

வந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. அவரை வரிசையில் பார்த்ததும் முந்தின வாரம் எழுந்துபோன அத்தனை பேரும் பின்னால் வந்து நின்றார்கள். எண்ணினேன், முப்பத்தேழு பேர். கொழந்தசாமி நேர் பின்னால்.

"வேலம்பாளையம், சாந்தாமணி!"

அக்கா வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். பிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நோட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த எலும்பு, அந்த நெஞ்சுக்கூடு, வெயில் அதன் வழியாக வந்து மேசைத் துணியில் விழுகிறது. கல்கண்டுத் தட்டின்மேல் விலா எலும்பு நிழல். "ஏனக்கா, மாமன் நெஞ்சையே தூக்கிட்டு வந்துட்டீங்களா!" என்று கொழந்தசாமி கேட்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், அக்காவும் சிரிக்கிறார். எனக்கு வாந்தி வந்துவிட்டது. நிஜமாகவே. பின்பக்கம் கை கழுவுகிற இடத்துக்குப் போய் எடுத்தேன். அங்கே தொட்டியில் வெள்ளிக்கிழமைச் சோறு ஊறிக் கிடந்தது. அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த முறுக்காகவும் இருக்கலாம், சிலருக்கு நாலு நாள் இருக்கும்.

திரும்பி வந்தபோது அக்கா சந்தனம் பூசிக்கொண்டு நின்றார். "கண்ணு, மொகமெல்லாம் வெளுத்திருக்குது. நெஞ்சு வலிக்குதா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, ஒரு படம் எடுத்துப் பாத்தர்லாம்" என்றார். நான் போகவில்லை.

கடைசிக் கூட்டம் முடிந்த பதினோராம் நாள், பட்டப்பகலில், எல்லாம் போனது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேனே அந்த நோட்டு, அதில் வரி வரியாக நகர்ந்தது. ஒருத்தர் இன்னொருத்தருக்குப் போன் பண்ணி, எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கத்தான் முடியும், தடுக்க முடியாது. கோழிப்பண்ணைக்காரர் போனைத் தீவனத் தொட்டியில் போட்டுவிட்டாராம். தேவசிகாமணியின் போன் அணைந்துவிட்டது. வாடகை வீடு, பூட்டியிருந்தது. எனக்கு அந்த மாதச் சம்பளம்கூட வரவில்லை, அதை யாராவது பேப்பரில் போட்டார்களா?

இதில் எனக்கு ஆறாதது எது தெரியுமா? போலீஸ் விசாரித்தபோது தேவசிகாமணி முகத்தை ஒருத்தருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தர் மீசை என்கிறார், ஒருத்தர் இல்லை என்கிறார். ஆனால் என்னை? "மெதுவாப் பேசுவானுங்க, அந்தப் பையன்." நூற்றுச் சில்லரைப் பேர், அத்தனை பேரும் இதே வாக்கியம். மூன்று மாதம் என் கதையைக் கேட்டுத் தலையாட்டினார்கள், தயிர்சாதம் தின்றார்கள், கடைசியில் அந்த வாயாலேயே காட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை இன்னும் தவழ்ந்துகொண்டுதான் இருக்கிறது, அண்ணா. நான் சொன்ன இடத்திலேயேதான் இருக்கிறது. நான் சொன்னதில் எது தப்பாகப் போனது? இவர்களைப் பிடித்தது குவாண்டமும் இல்லை ஒன்றும் இல்லை. அதற்கு நானா பொறுப்பு?

அதோ பாருங்கள், ஸ்கூட்டர். அவர்தான். சாந்தாமணி அக்காதான். வாரம் ஒருநாள் வருவார், என் பக்கம் திரும்பாமலே உள்ளே போவார். இன்றைக்கு இங்கேயே வருகிறார், பார்த்தீர்களா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், இருங்கள்.

"வாங்கக்கா."

"ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு எங்கூட்டுல உக்காந்திருந்தியே. நானே எங்கையால பத்து நிமிசத்துல மாத்திக்கிட்டிருக்கலாமாமா. ஆஸ்பத்திரில புதுசா ஒரு புள்ள வந்திருக்குது, அது சொல்லுச்சு."

"ஆமாங்கக்கா. சரியாத்தான் சொல்லியிருக்குது."

"அது உனக்கு அன்னிக்கே தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்க்கா. எனக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும்."

"நெசமாவா?"

"நான் எதுக்குங்க்கா உங்ககிட்டப் பொய் சொல்லப்போறேன்?"

"செரி. புகார்ல அது ஒண்ணுதான் எழுதாம வெச்சிருந்தேன்."

உள்ளே போய்விட்டார். ரைட்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது. பார்த்தீர்களா அண்ணா? மற்றவர்களைப்போல இல்லை, நல்ல மனசு. நேரில் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிக்கொடுக்கிறார். இந்தப் பையன் கேட்டால் உள்ளதைச் சொல்கிறவன், எதையும் மறைக்காதவன் என்று அவர் வாயாலேயே எழுதிவிட்டால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்? வக்கீலுக்கு இப்போதே போன் பண்ண வேண்டும்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? அங்கே வரிசையில் நிற்கப் போகிறீர்களா? வாசல் இந்தப் பக்கம் அண்ணா, அது வெளியே போகிற வழி. ரைட்டர் உள்ளேதானே இருக்கிறார். உங்கள் ஆர்.சி. புக்? நாளைக்கு வந்தால் மறுபடி காத்திருக்க வேண்டியிருக்கும், சொல்லிவிட்டேன். அண்ணா?

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? சீ. என்ன மனுஷர்களோ.